இரவில் குந்தும் ஜீப்: பின்பக்கக் காற்றுப் பையையும் சொக்கையும் வீட்டில் மாற்றுவது எப்படி?

தொண்டைமானாற்றில் அத்தான் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஜீப், கடந்த மாரிக்குப் பிறகு ஒரு பழக்கம் பழகியிருந்தது. மாலையில் கொண்டுவந்து விடும்போது நேராக நிற்கும். விடியப் பார்த்தால் பின்பக்கம் குந்தியிருக்கும். சாவியைத் திருப்பி இயந்திரத்தை ஓடவிட்டால் அடியில் ஏதோ முனகும். சில நிமிடங்களில் பின்பக்கம் மெல்ல எழும்பும்.

"மாடு எழும்புற மாதிரித்தான். பின்னங்கால் தான் முதல்ல" என்பார் சின்னம்மா.

அவர் பகிடியாகச் சொன்னாலும், அந்த ஜீப்பின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் அவருக்குத்தான் மிகவும் முக்கியமான விடயம். 2009 இல் பட்ட செல் துண்டு ஒன்று அவருடைய நாரிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் முள்ளந்தண்டு நரம்புக்கு ஆபத்து, இருக்கட்டும் என்றுவிட்டார்கள். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அச்சுவேலி வழியாகப் போய் வர வேண்டும். வழியில் எந்த இடத்தில் பள்ளம், எந்த மதகில் மேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஜீப் குந்தத் தொடங்கிய பிறகு அவர் கிளினிக் நாளுக்கு முதல்நாளே பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

கராஜ் ஒன்றில் காட்டினோம். முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும் என்று ஆறு இலக்கத்தில் ஒரு தொகை சொன்னார்கள். கோயிலுக்கும் விமான நிலையத்துக்கும் ஹயர் ஓடிச் சீவிக்கும் அத்தானிடம் அந்தப் பணம் இல்லை. பெரியப்பா மட்டும், "முதல்ல கழட்டிப் பாப்பம்" என்றார். அவர் முப்பது வருடம் ஹயர் கார் ஓடியவர்.

அப்படிக் கழற்றிப் பார்த்தபோது அறிந்துகொண்டவை தான் இந்தக் கட்டுரை. பின்பக்கச் சொக் போன எந்த வாகனக்காரருக்கும் இதில் பாதி பயன்படும். மீதிப் பாதி, காற்றுப் பை பூட்டிய வாகனம் வைத்திருப்பவர்களுக்கு.

எது எதைச் செய்கிறது?

பலர் எல்லாவற்றையும் சேர்த்து 'சொக்' என்றுவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, பாரத்தைத் தாங்குவது. இதைச் செய்வது ஸ்பிரிங். டொல்பின் வான் போன்றவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளாக இருக்கும். பல கார்களில் கம்பிச் சுருளாக இருக்கும். சில ஜீப்களிலும் சொகுசுக் கார்களிலும் தகடும் இல்லை, சுருளும் இல்லை. காற்று நிரப்பிய தடித்த றப்பர்ப் பை ஒன்று அந்த இடத்தில் இருக்கும். (விபத்தின்போது முகத்துக்கு முன்னால் விரியும் பை வேறு, இது வேறு.)

இரண்டாவது, ஆட்டத்தை அடக்குவது. ஸ்பிரிங்குக்கு அமுங்கவும் துள்ளவும் மட்டும் தான் தெரியும், தானாக நிற்கத் தெரியாது. நிறுத்துவது சொக் அப்சோபர். அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சிறு துளைகளின் ஊடாக நெருக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நெருக்கத்தில் துள்ளலின் வலு வெப்பமாக மாறிக் கழிந்துவிடுகிறது. நீண்ட ஓட்டத்தின் பின் சொக்கைத் தொட்டால் சுடுவது அதனால் தான்.

காற்றுப் பை உள்ள வாகனத்தில் மேலதிகமாக மூன்று பொருட்கள் உண்டு. காற்றடிக்கும் சிறிய மின் கொம்பிரசர், பின்பக்கம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்க்கும் உணரி, காற்றை விடவும் மறிக்கவும் வால்வு. பின் ஆசனத்தில் நான்கு பேர் ஏறினால் பின்பக்கம் தாழும். உணரி அதைக் கண்டு சொல்லும், கொம்பிரசர் காற்றடிக்கும், வாகனம் பழைய மட்டத்துக்கு வரும். பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மட்டம். நோயாளியை ஏற்றுகிறவர்களுக்கு இது நல்ல வசதி தான், காற்று நிற்கும்வரை.

சூப்பிக் காலத்துச் சொக்

பெரியப்பா முதலில் ஓடியது ஒஸ்ரின் ஏ 40 சோமசெற். 1950களில் பிரித்தானியாவில் இருந்து வந்த வாகனம். ஒஸ்ரின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் என்று அதே தலைமுறைக் கார்கள் தான் போர்க்கால யாழ்ப்பாணத்தின் ஹயர் வாகனங்கள். 1990 இல் மீண்டும் யுத்தம் தொடங்கிப் பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் அரிதாயின. அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையின் மணம் என் வயதுக்காரருக்கே நினைவிருக்கும்.

அந்தக் கார்கள் தப்பியதற்கு மண்ணெண்ணெய் மட்டும் காரணமில்லை. அவற்றைத் திறக்கலாம். அவற்றின் சொக், இன்றுள்ளது போல மூடி ஒட்டிய குழாய் அல்ல. இரும்புப் பெட்டி ஒன்று, அதிலிருந்து நீளும் ஒரு கை. பெட்டியின் மேலே திருகு மூடி இருக்கும். எண்ணெய் குறைந்தால் மூடியைத் திறந்து ஊற்றலாம்.

"அதுக்கெண்டு எண்ணெய் எங்க கிடைச்சது? கிடைச்சதை விட்டம். தடிச்ச எண்ணெய் விட்டால் கட்டை வண்டில் மாதிரி இடிக்கும். தண்ணி மாதிரி விட்டால் தொட்டில் மாதிரி ஆடும். மந்திகை ஆசுப்பத்திரிக்குக் காயக்காரரைக் கொண்டு போறதெண்டால் தொட்டில் தான் நல்லம் எண்டு மெல்லிசா விட்டனான்" என்றார் பெரியப்பா.

அந்த ஒரு வசனத்தில் சொக்கின் இயல் முழுவதும் இருக்கிறது. எண்ணெய் போகும் வேகம் தான் வாகனத்தின் மெதுமை. ஆனால் அளவுக்கு மீறிய மெதுமையும் ஆபத்து. ஆடும் வாகனத்தின் ரயர் நிலத்தை விட்டு விட்டுப் பிடிக்கும். பிரேக் அடித்தால் நிற்கும் தூரம் கூடும்.

இன்று நிலைமை வேறு. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த வாகனங்களையே ஓட்டினோம். கைமாறிக் கைமாறி வடக்குக்கு வந்த சொகுசு ஜீப்களின் றப்பர்கள் இப்போது வயது போனவை. போதாததற்கு இங்கே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. உப்புக் காற்று ஆணியையும் விடுவதில்லை.

காற்று எங்கே போகிறது?

மாற்றுவதற்கு முன் எது பழுது என்று அறிய வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

சொக்கைப் பார்க்க: வாகனத்தின் பின் மூலையைக் கையால் பலமாக அமத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று தரம் ஆடினால் சொக் போய்விட்டது. குழாயின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி பிடித்திருந்தாலும் அதே முடிவு. ரயர் ஒரே சீராகத் தேயாமல் இடையிடையே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

காற்றுப் பையைப் பார்க்க: மாலையில் வாகனத்தை மட்டமான இடத்தில் விட்டு, இரண்டு பின் சில்லுக்கும் மேலே, சில்லின் நடுவில் இருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலையில் மீண்டும் அளவுங்கள். எந்தப் பக்கம் கூடத் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் தேடலைத் தொடங்குங்கள். பிறகு வாகனம் எழும்பி நிற்கும்போது, சவர்க்காரத் தண்ணீரை ஒரு தூரிகையால் பையின் மடிப்பிலும் காற்றுக் குழாய் பொருந்தும் இடத்திலும் பூசுங்கள். நுரை எங்கே பொங்குகிறதோ அங்கே ஓட்டை. சைக்கிள் ரியூப்புக்குச் செய்யும் அதே வேலை தான். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தச் சோதனையைப் பக்கத்தில் குந்தியிருந்து, சில்லுக்கு இடையால் கையை எட்டவிட்டுச் செய்யுங்கள். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வாகனத்தின் கீழே உடம்பை விடக்கூடாது.

எங்கள் ஜீப்பில் இடப்பக்கப் பையின் கீழ் மடிப்பில் நுரைத்தது. றப்பர் மடிந்து விரியும் அந்த இடத்தில் தான் மணலும் சேறும் தங்கி அரைக்கும். இரண்டு சொக்கிலும் எண்ணெய் வழிந்திருந்தது. கொம்பிரசர் நல்ல நிலையில் இருந்தது. முழுத் தொகுதியும் மாற்றத் தேவையில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் கசிவைப் பாராமல் ஓடிக்கொண்டிருந்தால் முழுத் தொகுதியும் போவது உண்மை. பை கசியக் கசியக் கொம்பிரசர் ஓய்வில்லாமல் அடிக்கும். சூடாகி எரியும், அல்லது அதற்கு மின் கொடுக்கும் றிலே ஒட்டிப்போய் நிற்காமல் ஓடும். சிறிய ஓட்டை பெரிய செலவாவது இப்படித்தான்.

வாகனத்தின் கீழே போகும் முன்

இந்த வேலையில் கைக்கு வரும் காயத்தை விட, வாகனம் மேலே விழுவது தான் உயிராபத்து. பெரியப்பாவிடம் இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மட்டமான சீமெந்துத் தரை வேண்டும். மணல் முற்றத்தில் ஜக் சாயும். முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஜக் என்பது தூக்குவதற்கு மட்டும். தூக்கிய பிறகு பாரம் இரும்புத் தாங்கியில் இறங்க வேண்டும். சீமெந்துப் புளொக் கல்லை ஒருபோதும் வைக்காதீர்கள். அது வளைந்து எச்சரிக்கை தராது, சொல்லாமல் நொருங்கும். தாங்கி இல்லாத காலத்தில் பெரியப்பா குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய பனங்குற்றிகளைப் பாவித்தார். இன்று தாங்கியை ஒருநாள் வாடகைக்கோ இரவலுக்கோ எடுக்கலாம், எடுங்கள். கழற்றிய சில்லையும் வாகனத்தின் அடியில் கிடத்தி வையுங்கள். எல்லாம் தவறினாலும் அது ஒரு இடைவெளி தரும். தனியாக இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

காற்று வாகனத்துக்கு இன்னொரு விதி. உயரத்தைச் சரிசெய்யும் தொகுதியை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஜக்கால் தூக்கியதைக் கண்டு, "பின்பக்கம் உயர்ந்துவிட்டது" என்று அது காற்றை வெளியே விடும், அல்லது எதிர்பாராத நேரத்தில் அடிக்கும். உங்கள் வாகனத்தின் கைநூலில் இதற்கான முறை இருக்கும். அதைப் பார்த்த பிறகே ஜக்கைத் தொடுங்கள்.

மாற்றும் முறை

முதல்நாள் இரவே சொக்கின் மேல், கீழ் நட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். உப்புக் காற்றில் நின்ற வாகனத்தின் நட்டு உடனே அசையாது. அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட்டே முறியும்.

மறுநாள், சில்லு நட்டுகளைச் சற்று இளக்கிவிட்டு வாகனத்தைத் தூக்குங்கள். தாங்கியைச் சட்டகத்தின் கீழ் வையுங்கள், அச்சின் கீழ் அல்ல. அச்சு கீழே இறங்க இடம் வேண்டும். ஆனால் அது தானாக விழக்கூடாது. அதற்கு ஜக்கை அச்சின் கீழ் மெல்ல முட்டக் கொடுத்து வையுங்கள்.

இங்கே தான் பலர் பிழை விடுகிறார்கள். இரண்டு பக்கச் சொக்கையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுவார்கள். சொக் ஆட்டத்தை அடக்குவதோடு, அச்சு எவ்வளவு கீழே போகலாம் என்பதற்கும் எல்லையாக நிற்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் அச்சு தொங்கி, பிரேக் குழாயையும் மற்றப் பக்கத்துக் காற்றுப் பையையும் இழுத்துக் கிழிக்கும். ஒரு பக்கத்தை முழுமையாக முடித்துப் பூட்டிய பிறகே மற்றப் பக்கம்.

பையைக் கழற்றுவதற்கு முன் அதன் காற்றை முழுதாக இறக்க வேண்டும். காற்றுக் குழாயின் இணைப்பைச் சிறிது சிறிதாக இளக்குங்கள். கண்ணாடி அணிந்து, முகத்தை விலக்கி வையுங்கள். சீறல் நின்ற பிறகும் சிறிது நேரம் பொறுங்கள். பின்னர் மேல் கிளிப்பை எடுத்து, பையை அமத்தி வெளியே எடுக்கலாம்.

புதிய பையைப் பூட்டும்போது மூன்று கவனம். பை முறுகக்கூடாது. குழாயின் முனையும் அதிலுள்ள றப்பர் வளையமும் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு மணல் போதும் மீண்டும் கசிவதற்கு. குழாயைக் கடைசிவரை தள்ளிப் பொருத்தி, இழுத்துப் பார்க்க வேண்டும்.

புதிய சொக்கைப் பூட்டுவதற்கு முன், வாகனத்தில் நிற்கப்போகும் வாக்கிலேயே நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் முழுதாக அமத்தி இழுங்கள். கிடையாகக் கிடந்தபோது உள்ளே புகுந்த காற்றுக் குமிழி இதில் வெளியேறும். சொக்கின் போல்ட்டுகளை முதலில் கையளவு மட்டும் பூட்டுங்கள். வாகனத்தின் பாரம் சில்லில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் இரு முனையிலும் உள்ள றப்பர் புஷ் முறுகியபடியே நின்று, விரைவில் வெடிக்கும்.

இறக்கும்போது ஒரு முக்கியமான விடயம். காற்றில்லாத புதுப் பையின் மேல் முழுப் பாரத்தையும் இறக்கக்கூடாது. பை பிழையாக மடிந்து அதே நாளில் கிழியும். அச்சை ஜக்கால் வழக்கமான உயரம்வரை தூக்கி, வாகனத்தின் கீழே எவரும் இல்லை என்பதைப் பார்த்து, தொகுதியை இயக்கிக் காற்று ஏற விடுங்கள். பை உருண்டு நிமிர்ந்த பிறகு மெல்ல இறக்குங்கள். கடைசியாக மீண்டும் சவர்க்காரத் தண்ணீர். மறுநாள் காலை மீண்டும் அளவுநாடா.

கழற்றிய சொக்கை வெட்டவோ, துளைக்கவோ, நெருப்பில் போடவோ வேண்டாம். இன்றைய சொக்குகள் பலவற்றில் நைதரசன் வாயு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய வாகனம் உடைத்த இடத்தில் மலிவாகப் பை கிடைக்கும் என்பார்கள். சொக்கும் பையும் பாவித்தது வாங்குவதில் பயனில்லை. அந்த றப்பருக்கும் உங்கள் றப்பருக்கும் ஒரே வயது. புதிதாக வாங்கினாலும் இரண்டு பக்கத்துக்கும் சோடியாகவே வாங்குங்கள். நாங்கள் பையைச் சோடியாக மாற்றினோம். கசியாத வலப்பக்கப் பையைக் கழற்றியபோது அதன் மடிப்பிலும் வெடிப்பு விழுந்திருந்தது.

காற்றை விட்டுச் சுருளுக்குப் போகலாமா?

இந்தக் கேள்வி எங்களுக்கும் வந்தது. காற்றுப் பையை எடுத்துவிட்டுக் கம்பிச் சுருள் பூட்டும் மாற்றுத் தொகுதிகள் சில ஜீப்களுக்குக் கிடைக்கின்றன. இது புதிய யோசனையும் அல்ல. 1957 இல் அமெரிக்காவின் கடிலாக், எல்டோராடோ புறூம் என்ற விலையுயர்ந்த காரைக் காற்றுப் பைகளோடு வெளியிட்டது. கசிவுத் தொல்லை தாங்காமல் அதை வாங்கிய பலர் காற்றைக் கழற்றிச் சுருள் பூட்டிக்கொண்டார்கள். கோடீஸ்வரர்களே செய்த வேலை தான்.

சுருள் கசியாது, கொம்பிரசர் தேவையில்லை, உப்பில் மெல்லத்தான் துருப்பிடிக்கும். ஆனால் ஆள் ஏற ஏறப் பின்பக்கம் தாழும், வெறுமையாக ஓடும்போது சற்று இறுக்கமாகத் துள்ளும். வாகனத்தின் எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டிருக்கலாம். சாமான் ஏற்றுகிறவருக்குச் சுருள் போதும். நோயாளி ஏற்றுகிறவர் யோசிக்க வேண்டும். நாங்கள் சின்னம்மாவை நினைத்துக் காற்றிலேயே நின்றோம்.

காயத்தோடு, சக்கர நாற்காலியோடு, செயற்கைக் காலோடு ஒருவரை ஏற்றிச் செல்லும் வீடுகள் எங்கள் பகுதியில் குறைவில்லை. அவர்களுக்கு இன்னும் இரண்டு சொல். பின் அச்சுக்கு நேர் மேலே உள்ள ஆசனத்தில் தான் குலுக்கம் அதிகம். இரண்டு அச்சுக்கும் நடுவில் உள்ள ஆசனத்தில் அமர்த்துங்கள். ரயரில் அளவுக்கு மேல் காற்று அடித்திருந்தால் எந்தச் சொக்கும் உதவாது. வாகனத்தின் கதவருகே எழுதியுள்ள அளவைப் பாருங்கள்.

மாற்றி முடிக்க எங்களுக்கு ஒரு முழு நாளும் அடுத்த நாள் மதியமும் எடுத்தது. ஒரு நட்டு முறிந்தது. உதிரிப்பாகத்துக்குச் செலவானது கராஜ் சொன்ன தொகையில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. இதை எழுதுவது கராஜ்காரரைக் குறை சொல்ல அல்ல. கொம்பிரசர் எரிந்திருந்தால், உணரி பழுதாகியிருந்தால், பிரேக் குழாய் கிழிந்திருந்தால் நாங்களும் அங்கே தான் போயிருப்போம். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்கும் தெரியாமல் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதி முப்பது வருடத்துக்கும் மேலான காலத்தின் பின் மக்களுக்குத் திறந்தபோது, இடையில் வாகனத்தை நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. "அந்த றோட்டில இது குந்தினால் நான் யாருக்கு விளக்கம் சொல்றது?" என்று அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பழுதடைந்த வாகனம் எங்கே நிற்கிறது என்பதும் இங்கே ஒரு கேள்வி தான்.

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். அச்சுவேலி தாண்டி வழக்கமான மதகு வந்தது. சின்னம்மா வழக்கம்போல முன் ஆசனத்தின் முதுகை இறுக்கிப் பிடித்தார். ஜீப் ஏறி இறங்கியது. சிறிது நேரம் கழித்துத் தான் கையை எடுத்தார்.

"மதகு போட்டுதோ?" என்று கேட்டார்.

போய்விட்டது என்றேன்.